குறிப்பேடு நிரம்பிவிட்டது, பேரேட்டைக் காணோம்

இந்த மாதக் கடிதங்களில் மூன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல இருக்கின்றன. பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் ஓரிடத்தில் வைத்திருக்கும் ஓப்பன்எல்டாப் மென்பொருளின் பதிவுகள் வட்டில் இடத்தை அடைப்பதைப் பற்றியவை மூன்றும். அதனால் கைப்பேசி மெதுவாகிறது, பிரிண்டர் அடம்பிடிக்கிறது என்று எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அக்கா, துவாஸில் ஒரு கிடங்கு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். எனக்கு முன்பு இருந்தவர் ஊழியர் கணக்குகளையெல்லாம் ஓப்பன்எல்டாப் 2.4-இல், பெர்க்லி டிபி தரவுத்தளத்தின் மேல் அமைத்துவிட்டு ஆஸ்திரேலியா போய்விட்டார். சர்வரின் 20 ஜிபி வட்டில் இப்போது 300 எம்பிதான் மீதம். தரவுத்தள அடைவில் ‘லாக்’ என்று தொடங்கிப் பத்து இலக்க எண்ணோடு முடியும் கோப்புகள் 1,143 இருக்கின்றன. ஒவ்வொன்றும் 10 எம்பி. முதல் கோப்பின் எண் 212, கடைசி 1354. பழையவற்றை அழிக்க ஞாயிறு இரவுதோறும் ‘டிபி ஆர்கைவ்’ ஓடும்படி அவர் வைத்திருக்கிறார். ஓடுகிறது, பிழை என்று எதுவும் சொல்லவில்லை, ஒரு கோப்பும் குறையவில்லை. “பழையதுதானே, கையால் அழித்துவிடு” என்கிறார் மேலாளர். அழிக்கலாமா?
— ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அழிக்காதீர்கள் தம்பி. மேலாளர் மறுபடியும் கேட்டால் நான் அழித்த கதையைச் சொல்லுங்கள்.

2009, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். அப்போது நான் வேலை பார்த்த இடத்திலும் இதே வட்டு, இதே லாக் கோப்புகள். மாலை ஆறரை மணி. சிராங்கூன் ரோட்டில் முறுக்கும் பூவும் வாங்க வேண்டும் என்று கால் தரையில் நிற்கவில்லை. எண் குறைவாக இருந்த நாற்பது கோப்புகளை அழித்தேன். சர்வர் முனகக்கூட இல்லை. எல்லோரும் உள்நுழைந்தார்கள், வெளியேறினார்கள். ‘பழையதுதானே’ என்று நானும் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் வேறு ஏதோ காரணத்தால் சர்வர் உறைந்துபோனது. பணிநேரத்தில் இருந்த பையன் ‘கில்’ கட்டளையோடு ஒன்பதைச் சேர்த்துக் கழுத்தைத் திருகிவிட்டு மறுபடி தொடங்கினான். திரையில் “மீட்பை ஓட்டவும்” என்ற வகையில் ஒரு வரி. மீட்பை ஓட்டினால் அது முதலில் கேட்டதே நான் அழித்த கோப்பைத்தான். கையில் இருந்த காப்புநகல் மூன்று நாள் பழையது. அந்த மூன்று நாளில் கடவுச்சொல் மாற்றிய அத்தனை பேரும் தீபாவளி வாழ்த்தோடு எனக்குத் தொலைபேசினார்கள். முறுக்கு கிடைத்தது, தின்ன நேரம் கிடைக்கவில்லை.

கவனியுங்கள், அழித்த அன்று ஒன்றும் ஆகாது. அடுத்த முறை சர்வர் ஒழுங்கில்லாமல் விழும்போதுதான் தெரியவரும்.

ஏன் அப்படி? என் அப்பா மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதியவர். அன்றன்று நடக்கும் வரவு செலவை நடந்த வரிசையில் முதலில் குறிப்பேட்டில் எழுதுவார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் அந்தந்த ஆளின் பேரேட்டுப் பக்கத்தில் ஏற்றுவார். ஏற்றி முடித்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே உள்ள குறிப்பேட்டுப் பக்கங்களை எலி தின்றாலும் கவலையில்லை. கோட்டுக்குக் கீழே உள்ளவை வேறு எங்குமே இல்லை. பெர்க்லி டிபியும் அப்படித்தான். எந்த மாற்றமானாலும் முதலில் லாக் கோப்பில் எழுதும். தரவுக்கோப்புக்குப் போக வேண்டிய பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு மெதுவாக ஏற்றும். அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பெயர் செக்பாயின்ட். டிபி ஆர்கைவ் கோட்டுக்கு மேலே இருப்பதை மட்டுமே தொடும். உங்களுடையது ஒன்றையும் தொடவில்லை என்றால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. யாரோ கோடு போடவில்லை.

உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. முதல் கோப்பின் எண் 212. அப்படியானால் 1 முதல் 211 வரை ஒருகாலத்தில் அழிந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வேலை ஒருகாலத்தில் பலன் தந்திருக்கிறது. 212-இல் ஏதோ நின்றுவிட்டது. என் ஊகத்தைச் சொல்கிறேன், நீங்களே சரிபாருங்கள். ‘டிபி ஸ்டாட்’ கட்டளையைக் கழித்தல் ‘டி’ (ஆங்கில t) சேர்த்து ஓட்டுங்கள். கடைசிச் செக்பாயின்ட் எந்தக் கோப்பில், எந்த நேரத்தில் என்று காட்டும். கோப்பு எண் 212 என்றும், நேரம் நீங்கள் கடைசியாக சர்வரை நிறுத்தித் தொடங்கிய நாள் என்றும் வரும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஓப்பன்எல்டாப் ஒழுங்காக நிறுத்தப்படும்போது தானாகவே ஒரு கோடு போட்டுவிடும். இடையில் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்றால் போடாது. உங்கள் முன்னவர் வாரம் ஒருமுறை சர்வரை நிறுத்தித் தொடங்கும் பழக்கம் உள்ளவராக இருந்திருப்பார். அவர் போனதும் கோடும் போயிற்று.

அமைப்புக் கோப்பில் ‘செக்பாயின்ட்’ என்ற வரியைத் தேடுங்கள். அதற்கு இரண்டு எண்கள் வேண்டும்: எத்தனை கிலோபைட் எழுதிய பிறகு, அல்லது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டுமே சொல்லாவிட்டால் பூச்சியம், அதாவது ஒருபோதும் இல்லை. நான் 1024-உம் 15-உம் வைப்பேன். வரி இருந்தும் பலனில்லை என்றால் அது எந்தத் தரவுத்தளத்தின் கீழே எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரே சர்வரில் இரண்டு தரவுத்தளங்கள் இருந்தால் வரி ஒன்றுக்குத்தான் பொருந்தும். பக்கத்து வீட்டுக்குப் பால் போட்டுவிட்டு நம் வீட்டில் காப்பி இல்லை என்று புலம்புவதை நான் இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

ஊகம் தப்பி, செக்பாயின்ட் நேற்றைய தேதியைக் காட்டினால் சந்தேகத்தை டிபி ஆர்கைவ் பக்கம் திருப்புங்கள். ஓப்பன்எல்டாப் எந்தப் பதிப்பு பெர்க்லியோடு கட்டப்பட்டதோ, கருவிகளும் அதே பதிப்பாக இருக்க வேண்டும். ஒன்று 4.7, மற்றது 4.8 என்றால் “பதிப்பு பொருந்தவில்லை” என்று மறுத்துவிடும். அந்த மறுப்பு யாரும் திறக்காத ரூட் (சர்வரின் தலைமை நிர்வாகிக் கணக்கு) அஞ்சல்பெட்டியில் போய் விழும். ‘பிழை எதுவும் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தானே எழுதினீர்கள்? அடைவின் பாதை மாறியிருந்தாலும் இதே மௌனம்தான். காலி அடைவைக் காட்டினால், அழிக்க ஒன்றுமில்லை என்று அது நிம்மதியாகத் திரும்பிவிடும்.

இனி கை வைக்கும் வரிசை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் செய்யாதீர்கள், இரவில் செய்யுங்கள். முதலில் 300 எம்பியைக் கொஞ்சம் பெருக்குங்கள். கோடு போடுவதும் ஓர் எழுத்துவேலைதான். வட்டு முழுக்க நிரம்பிவிட்டால் கோடு போடவும் இடமிருக்காது. இயக்க முறைமையின் பழைய செய்திப் பதிவுகள், மறந்துபோன நிறுவல் கோப்புகள் என்று வேறு எங்காவது கை வையுங்கள், தரவுத்தள அடைவுக்குள் மட்டும் வேண்டாம். அடுத்து ‘ஸ்லாப்கேட்’ கொண்டு முழுத் தரவையும் உரைக்கோப்பாக வேறொரு வட்டில் எடுத்து வையுங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம். எடுத்த பிறகு திறந்து கடைசி வரிவரை பாருங்கள். அளவைப் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

பிறகு ‘டிபி செக்பாயின்ட்’ கருவியைக் கழித்தல் ஒன்று சேர்த்து ஓட்டினால் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு வெளியேறிவிடும். இதை ரூட்டாக ஓட்டாதீர்கள். எல்டாப் சர்வர் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பெயரில் ஓட்டுங்கள். அந்த நொடியில் 1354 நிரம்பி 1355 பிறந்தால் புதுக்கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். அதில் எழுத சர்வருக்கு உரிமை இருக்காது. மறுபடி டிபி ஸ்டாட். எண் 212-இலிருந்து 1354-க்குப் பக்கத்தில் தாவியிருந்தால் கோடு விழுந்துவிட்டது. தாவிய பிறகும் டிபி ஆர்கைவ் எதையும் கழிக்க மறுத்தால், ஏதோ ஒரு பரிவர்த்தனை (ஒன்றாக முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) 212-இல் தொடங்கி இன்னும் முடியாமல் கிடக்கிறது என்று பொருள். அதன் தொடக்கத்திலிருந்து வரும் கோப்புகளை டிபி ஆர்கைவ் தொடாது. அதே டிபி ஸ்டாட் நடப்பில் இருக்கும் பரிவர்த்தனைகளையும் காட்டும். அந்த நிலையில் சர்வரை ஒழுங்காக நிறுத்தித் தொடங்குவதே வழி. ஒழுங்காக என்பதில் எழுத்துக்கு எழுத்து அழுத்தம் கொடுக்கிறேன். கழுத்தைத் திருகினால் பதினோரு ஜிபிக்கு மேற்பட்ட குறிப்பேட்டை முதல் வரியிலிருந்து படித்துவிட்டுத்தான் அது எழுந்திருக்கும்.

கடைசியில் டிபி ஆர்கைவை எந்தச் சேர்க்கையும் இல்லாமல் ஓட்டுங்கள். எதையெல்லாம் அழிக்கலாம் என்று பட்டியல் மட்டும் தரும். பட்டியல் மனத்துக்கு ஒத்துப்போனால் கழித்தல் ‘டி’ (இந்த முறை ஆங்கில d) சேர்த்து மறுபடி. பத்து ஜிபிக்கு மேல் ஒரே மூச்சில் காலியாகும் காட்சி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஒரு தே-ஓ வாங்கி வைத்துக்கொண்டு பாருங்கள்.

லாக் கோப்புகளைத் தானாக அழிக்கச் சொல்லும் ஒரு கொடி, அதாவது ஓர் அமைப்புச் சொல், பெர்க்லியிலேயே உண்டு. ‘டிபி கான்ஃபிக்’ கோப்பில் எழுத வேண்டும். 4.7 பதிப்பில் அதன் பெயரும் எழுதும் முறையும் மாறின. அதனால் உங்கள் பதிப்பின் கையேட்டைப் பார்த்து எழுதுங்கள். எனக்கு அது பிடிக்காது. தரவுக்கோப்பே சிதைந்துபோனால் பழைய நகலோடு எல்லா லாக்குகளையும் சேர்த்து மீட்கும் வழி அதோடு அடைபட்டுவிடும். ஆனால் பிரிவில் ஒரே ஆளாக இருக்கும் உங்களுக்கு அதைத்தான் சொல்வேன், தினமும் இரவு ஸ்லாப்கேட் எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்தால். அந்தக் கொடியை எழுதிய பிறகு சர்வரைத் தொடங்கும்போது, கோப்பு மாறியிருக்கிறது, மீட்பை ஓட்டுகிறேன் என்று அதுவே சொல்லும். பதற வேண்டாம். பழைய லாக்குகளை ஒழுங்காகக் கழித்த பிறகே இதைச் செய்யுங்கள் என்பதற்கும் அதுதான் காரணம்.

இன்னொன்று. பெர்க்லியை நம்பியிருந்த பின்தளங்களை (தரவைச் சேமித்துவைக்கும் பகுதிகளை) ஓப்பன்எல்டாப் 2021-இல் வெளிவந்த 2.5 பதிப்பிலிருந்து எடுத்தே விட்டது. உங்கள் சர்வருக்கு வயதாகிவிட்டது தம்பி. அந்த ஸ்லாப்கேட் உரைக்கோப்புதான் புது வீட்டுக்கும் சாவி. புதியதில் ‘ஸ்லாப்ஆட்’ கொண்டு ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: பெர்க்லியை விட்டு, ஓப்பன்எல்டாப்பின் புதிய எல்எம்டிபி பின்தளத்துக்கு மாறிவிட்டோம். லாக் கோப்புத் தொல்லை இனி இல்லை என்றார்கள். ஆனால் யார் எப்போது எதை மாற்றினார் என்று பதியும் ஆக்சஸ்லாக் தரவுத்தளம் 6 ஜிபி ஆகிவிட்டது. முப்பது நாளைக்கு மேற்பட்டவற்றை அழிக்கச் சொல்லி ‘லாக்பர்ஜ்’ வைத்தேன். பழைய பதிவுகள் போய்விட்டன, தேடினால் கிடைக்கவில்லை. கோப்பு மட்டும் அதே 6 ஜிபி. இதில் என்ன பிழை?
— செங்காங் வாசகி

பதில்: பிழையே இல்லை. மூவறை வீட்டிலிருந்து பழைய சோபாவைத் தூக்கிப் போட்டால் வீடு ஈரறை ஆகிவிடுமா? இடம்தான் காலியாகும். எல்எம்டிபியின் தரவுக்கோப்பு தானாகச் சுருங்காது. அழிந்த பதிவுகளின் பக்கங்களைக் காலிப் பட்டியலில் எழுதிவைத்துக்கொண்டு அடுத்து வருவதை அங்கே குடிவைக்கும். ஒரு மாதம் பாருங்கள். 6 ஜிபி அப்படியே நின்றால் ஆரோக்கியம். அழித்துக்கொண்டே இருக்கும்போதும் அது 7, 8 என்று ஏறினால்தான் கவலை.

அப்படி ஏறினால் யாரோ கதவில் கால் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்எம்டிபியில், ஒருவர் படிக்கத் தொடங்கிய நொடியில் தரவு எப்படி இருந்ததோ அப்படியே அவர் முடிக்கும்வரை அவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே அவர் படிக்கும் காலத்தில் காலியான பக்கங்களில் வேறு எதையும் எழுத முடியாது. நான் கடைசியாகப் பிடித்த குற்றவாளி ஸ்லாப்கேட்தான். ஒருவர் அதன் வெளியீட்டைப் பக்கம் பக்கமாகப் படிக்கும் கருவிக்குள் அனுப்பிவிட்டு, முதல் பக்கத்தைப் பார்த்தபடி சாப்பிடப் போய், அப்படியே விடுப்பிலும் போய்விட்டார். ‘எம்டிபி ஸ்டாட்’ கழித்தல் ‘ஆர்’ என்று கேட்டால், யார் படித்துக்கொண்டிருக்கிறார்கள், எந்தச் செயலாக்க எண் என்று பட்டியல் வரும். அதே எழுத்தை இரட்டித்தால், செத்துப்போன செயலாக்கங்கள் விட்டுப்போன இடங்களைத் துடைத்தும் விடும். உயிரோடு இருப்பதை அது தொடாது, அந்த எண்ணை வைத்து ஆளை நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

கோப்பைச் சுருக்கியே தீர வேண்டும் என்றால் ‘எம்டிபி காப்பி’யைக் கழித்தல் ‘சி’ சேர்த்து ஓட்டி, காலிப் பக்கங்கள் இல்லாத நகல் எடுத்து, சர்வரை நிறுத்திவிட்டு மாற்றி வையுங்கள். ஆனால் எதற்கு? ஒரே மாதத்தில் மறுபடி நிரம்பப்போகிற இடம்.

லாக்பர்ஜ் எழுதும்போது ஒரு பொறி உண்டு. நாளைக் கூட்டல் குறியோடு எழுத வேண்டும்: 30, கூட்டல் குறி, பிறகு 00:00. கூட்டல் குறியை விட்டுவிட்டு 30:00 என்று எழுதினால் அது முப்பது மணிநேரம். நீங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்; சென்ற வாரத்துப் பதிவு ஒன்றைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அழிக்கும் வேலை சர்வரை அழுத்துவதாகத் தோன்றினால் ‘ரெக்ஸ்டார்ட்’ என்ற புலத்துக்குச் சமன்வகை அட்டவணை (இண்டெக்ஸ்) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பழையது எது என்று கண்டுபிடிக்கவே எல்லாவற்றையும் புரட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: வட்டில் இடமில்லை என்று பழைய பெர்க்லி லாக் கோப்புகளை அலுவலகப் பொதுக் கோப்புறைக்கு நகர்த்தி வைத்திருக்கிறேன். எல்லாம் டிபி ஆர்கைவ் ‘தேவையில்லை’ என்று பட்டியலிட்டவைதான். படித்தாலும் புரியாத கோப்புகள், அதனால் ஆபத்தில்லை அல்லவா?
— பெடோக்

பதில்: உங்களுக்குப் புரியாது. அதற்கென்று ‘டிபி பிரிண்ட்லாக்’ என்ற கருவி இருக்கிறது. அதுகூட வேண்டாம், கோப்பிலிருந்து வெறும் எழுத்துகளை உருவி எடுத்தாலே பெயரும் மின்னஞ்சலும் வந்து விழும். எழுதப்பட்ட பதிவின் உள்ளடக்கம் முழுக்க அங்கே இருக்கிறது, கடவுச்சொல்லின் மறையுரு (ஹேஷ்) உட்பட. சில பழைய அலுவலகங்களில் ஊழியரின் அடையாள அட்டை எண்ணையே உள்நுழைவுப் பெயராக வைத்த காலம் உண்டு. உங்களிடமும் அப்படி இருந்தால், அந்த எண்கள் இப்போது பொதுக் கோப்புறையில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கின்றன.

சிங்கப்பூரின் 2012-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, தேவை முடிந்த பிறகு தனிநபர் தகவலை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அடையாள அட்டை எண்ணைச் சேகரிப்பது பற்றிய கட்டுப்பாடு 2019 செப்டம்பர் 1 முதல் இன்னும் இறுகியது. ‘தேவையில்லை’ என்று கருவியே பட்டியல் போட்டுக் கொடுத்த பிறகு அதை எடுத்துப் பொதுவிடத்தில் வைத்ததற்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்? இந்த வாரமே அழித்துவிடுங்கள். பொதுக் கோப்புறைக்குத் தனியாகக் காப்புநகல் எடுக்கிறார்களா என்று கேட்டு, அதிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். மீட்புக்காக வைத்துக்கொள்கிறேன் என்பது உண்மையான காரணமானால், பூட்டிய இடத்தில், மறையாக்கம் செய்து, எந்தத் தேதியில் அழிப்பது என்று பெட்டியின் மேலேயே எழுதி வையுங்கள்.

உட்லண்ட்ஸ் தம்பி, டிபி ஸ்டாட் என்ன எண் காட்டியது என்று எழுதுங்கள். 212 இல்லை என்றால் அதையும் இங்கேயே போடுகிறேன்.